விபத்தில் பல் உடைந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸில் பணம் வாங்குவது எப்படி

நான் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பில், வவுச்சர், ரசீது என்று பதினெட்டு வருஷமாகக் காகிதத்தோடுதான் பிழைப்பு. போன வருஷம் ஜூலையில் என் வீட்டுக்காரர் கேரளத்தில் இருக்கும் புனலூரிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாரலில் நனைந்த ரோட்டில் வண்டி சறுக்கி, ஓரத்துக் கல்சுவரில் முகம் மோதி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது, கீழுதடு கிழிந்தது, மேல் முன்பல் ஒன்று வேரோடு விழுந்தது, பக்கத்துப் பல் பாதியில் உடைந்தது. கைக்கும் உதட்டுக்கும் ஆன செலவை இன்சூரன்ஸ் கம்பெனி மறுபேச்சில்லாமல் கொடுத்தது. பல்லுக்கு மட்டும் ஐந்து மாதம் அலைந்தேன்.

"பல்லுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாதும்மா" என்று ஏஜென்ட் முதல் பக்கத்துக் கடை அண்ணாச்சி வரை எல்லோரும் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. சொத்தைப் பல், கறை எடுப்பது, கம்பி போட்டு வரிசைப்படுத்துவது போன்றவற்றுக்குச் சாதாரண மெடிக்கல் பாலிசியில் பணம் வராது. விபத்தில் அடிபட்ட பல் வேறு கணக்கு. ஆனால் அந்த வேறுபாடு உங்கள் வாயில் தெரிந்தால் போதாது, காகிதத்தில் தெரிய வேண்டும். அதுவும் முதல் ராத்திரிக் காகிதத்திலேயே தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் பல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பணத்தைவிட இது பெரிது. விழுந்த பல்லை ஒரு ஜீப் டிரைவர் தேடி எடுத்து, பத்திரமாகத் தாளில் மடித்துக் கொடுத்தார். நல்ல மனசு, இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். ஆனால் தாளில் காய்ந்துபோன பல் திரும்ப ஒட்டாது. வேர்ப்பக்கம் கை படாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்திவிடலாம். முடியாவிட்டால் சூடில்லாத, குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தேய்க்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் சேர்ந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு மணி நேரம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். பிள்ளைகளின் பால் பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். அவர் விழுந்த இடத்துக்கு எதிரே டீக்கடை. கல்லா மேசைக்கு அடியில் பால் பாக்கெட் நாலைந்து கிடந்ததை மறுவாரம் போனபோது பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியாது.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். புனலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கேசுவாலிட்டியில் இருந்த டாக்டர் உதட்டைத் தைத்தார், கைக்கு மாவுக்கட்டு போட்டார், வேகமாகவும் நன்றாகவும் செய்தார். ஆனால் அவர் எழுதிய குறிப்பில் உதட்டுக் கிழிசல், மணிக்கட்டு முறிவு, இரண்டே இரண்டு வரி. பல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாயெல்லாம் ரத்தமாக இருக்கும்போது ரத்தத்தை நிறுத்துவதுதானே முதல் வேலை. மறுநாள் காலையில் முகத்தாடை அறுவை டாக்டர் வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒரு பல் இல்லை, அடுத்த பல்லில் நரம்பு தெரியும் அளவு உடைவு, இரண்டும் பதிந்திருந்த எலும்பிலும் முறிவு. தியேட்டருக்குக் கொண்டுபோய் எலும்பைச் சேர்த்துக் கம்பி கட்டினார். மூன்று ராத்திரி இருந்தோம். பில் 46,800 ரூபாய்.

கம்பெனி அதில் 14,200-ஐ வெட்டியது. எலும்புக்கும் பல்லுக்கும் ஆன செலவு அது. காரணம் ஒரே வரி: "விபத்தன்று எழுதிய குறிப்பில் பல் காயம் பதிவாகவில்லை."

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அடிபட்டவரைக் கேசுவாலிட்டியில் சேர்த்து, உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும், கூட வந்தவர் ஒருவர் டாக்டரிடம் போய், "சார், பல்லும் உடைஞ்சிருக்கு, கேஸ் ஷீட்ல அதையும் எழுதிருங்க" என்று கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். எந்தப் பல் என்பது எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பல் டாக்டர்கள் வாயை நான்காகப் பிரிக்கிறார்கள். நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து கடைவாய் வரை 1 முதல் 8. அதனால் மேல் முன்பல் இரண்டும் 11, 21. கேசுவாலிட்டிக் குறிப்பில் 21, டிஸ்சார்ஜ் சம்மரியில் 21, பிறகு பல் டாக்டர் பில்லிலும் 21 என்று ஒரே எண் ஓடினால், இது வேறு ஏதோ பழைய சொத்தைப் பல் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதுகிறவர் எம்.பி.பி.எஸ். டாக்டராக இருப்பதும் உதவும். காயம் என்றால் மருத்துவர் சான்று தந்ததாக இருக்க வேண்டும் என்பது பாலிசிகளில் பொதுவாக உள்ள விளக்கம். பல் டாக்டரின் பதிவு வேறு கவுன்சிலில் இருப்பதால் அதை வைத்துத் தகராறு செய்யக்கூடும்.

குறிப்பில் பல் விட்டுப்போயிருந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம். நான் ஆஸ்பத்திரியில் முழு கேஸ் ஷீட் நகலையும் எழுதிக் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறை இருக்கிறது. முப்பத்தொரு பக்கம் கிடைத்தது. மரக்கடையில் சைஸ் வாரியாகக் கட்டை எண்ணுவது போல ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பதினேழாவது பக்கம் நர்ஸ்கள் எழுதும் குறிப்பு. ராத்திரி 9.40-க்கு வார்டுக்கு ஏற்றியபோது ஒரு சிஸ்டர் நீல மையில் எழுதியிருக்கிறார்: மேல் முன்பல் ஒன்று இல்லை, ஈறிலிருந்து ரத்தக் கசிவு, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லப்பட்டது. டாக்டர் விட்ட இடத்தை அந்தப் பெண் பிடித்திருக்கிறார். அந்த ஒரு பக்கத்தையும், "முதல் பரிசோதனையில் வாய்க்குள் ரத்தம் நிறைந்திருந்ததால் பல் காயம் தனியே பதிவாகவில்லை, காயம் அதே விபத்தில் ஏற்பட்டதே" என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு டாக்டர் தந்த விளக்கத்தையும் வைத்துத்தான் வெட்டிய பணத்தைத் திருப்பி வாங்கினேன். பழைய தாளில் யாரும் இடைச்செருகல் செய்யக் கூடாது, செய்யச் சொல்லவும் கூடாது. புதுத் தேதியிட்ட விளக்கக் கடிதம்தான் சரியான வழி.

இனி பாலிசி. எங்களிடம் இருப்பது ஆரோக்ய சஞ்சீவனி. 2020 ஏப்ரலில் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பொது பாலிசி, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் வாசகம் ஒன்றே. அதில் ஆஸ்பத்திரிச் செலவுகளின் கீழ், நோயாலோ காயத்தாலோ தேவைப்பட்ட பல் சிகிச்சை என்று நேராகவே எழுதியிருக்கிறது. மற்ற பாலிசிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக, விலக்குப் பட்டியலில் இருக்கும்: "பல் சிகிச்சை கிடையாது, விபத்துக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் தவிர." அந்த "தவிர" என்ற சொல்லில்தான் உங்கள் பணம் இருக்கிறது. விலக்குப் பட்டியலைப் பார்த்தவுடன் மனம் விட்டு மூடிவிடாமல் வாக்கியத்தைக் கடைசி வரை வாசியுங்கள். "இயற்கைப் பல்" என்று மட்டும் போட்டிருக்கிறதா, இம்பிளான்ட் (எலும்பில் பதித்து வைக்கும் பல்), செயற்கைப் பல் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். முன்பல் விஷயமானதால் "அழகுக்குச் செய்வது" என்று சொல்லி மறுக்கவும் கூடும். விபத்துக்குப் பிறகு சீரமைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே விதியில் இருக்கிறது. டாக்டரிடம் மருத்துவத் தேவை என்று எழுதி வாங்கினால் போதும். பாலிசி எடுத்து முப்பது நாள் ஆகவில்லையே என்ற கவலையும் விபத்துக்கு வேண்டாம், அந்தக் காத்திருப்பு நோய்க்குத்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது மயக்க மருந்து கொடுத்துச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் டே-கேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் என்ன என்பதற்கும் அளவு உண்டு. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15, இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும், அறுவை அரங்கம். பல் டாக்டரின் கிளினிக் நாற்காலியில் செய்வது வெளிநோயாளி சிகிச்சை. அடிபட்டதும் நேரே அங்கே போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தால், ஓ.பி. செலவு தரும் பாலிசி இருந்தால் ஒழியப் பணம் வராது. அதனால் முகத்தில் அடிபட்டால் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாடை எலும்பிலும் தலையிலும் அடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே போக வேண்டும், இன்சூரன்ஸுக்காக மட்டும் இல்லை.

"ரெண்டு நாள் பெட்ல இருந்ததா போட்டுக்கலாமே" என்று ஒருவர் எங்கள் சொந்தக்காரப் பையனுக்கு யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். பொய்யான அட்மிஷன் தெரிந்தால் அந்தக் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். நாளைக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் கையில் ஒன்றும் இருக்காது.

கம்பெனிக்குத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பாலிசியில் அவசர அட்மிஷன் ஆனால் 24 மணி நேரத்துக்குள் அல்லது டிஸ்சார்ஜுக்கு முன், எது முதலில் வருகிறதோ அதற்குள் சொல்ல வேண்டும். நான் ராத்திரியே போன் செய்து எண் வாங்கி வைத்தேன். "கை, முகம், பல்" என்று மூன்றையும் சொன்னேன், அது பின்னால் உதவியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தால் போலீஸ் காகிதம் ஒரு தனி வேலை. நம் பக்கம் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி என்று விபத்துப் பதிவேட்டின் நகல். கேரளத்தில் வழக்காகப் பதியாத விபத்துக்கு ஜி.டி. என்ட்ரி என்று ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் நகல் கொடுப்பார்கள். கம்பெனி எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டது. வேறு வண்டி மோதவில்லை, தானாகச் சறுக்கியது, அதனால் எஃப்.ஐ.ஆர். இல்லை, ஜி.டி. என்ட்ரிதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே ஸ்டேஷனில் எழுதிய போலீஸ்காரரிடம், "சார், முகம்னு மட்டும் எழுதாம பல்லுன்னும் எழுதணும்" என்றேன். "பல்லு, ஆ, எழுதாம் சேச்சி" (எழுதுகிறேன் அக்கா) என்று சேர்த்துக் கொடுத்தார். நகல் மலையாளத்தில் இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். என் மாமனார் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் கற்றவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வரிவரியாக அவர் வாசிக்க, நான் தமிழில் எழுதி, தென்காசியில் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி மூலத்தோடு சேர்த்தேன். வீட்டில் வாசிக்க ஆள் இல்லையென்றால் புனலூர் பக்கம் வக்கீல் ஆபீஸ்களில் கேளுங்கள்.

வேறு வண்டி மோதியிருந்தால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 116-ஆம் பிரிவில், எலும்போ பல்லோ முறிவதும் இடம் பெயர்வதும் கொடுங்காயம் என்று வருகிறது. ஒரு பல் உடைந்தாலும் அது சின்னக் காயம் இல்லை, காயச் சான்றிதழில் அப்படியே வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். கேரளத்துக்கு நடக்க வேண்டாம். ஆறு மாதக் கெடு சட்டத்தில் இருப்பதால் வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். இது போகத் தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்துக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தரும் நம்மைக் காக்கும் 48 திட்டமும், எந்த மாநிலச் சாலையானாலும் ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட 2025-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று கேசுவாலிட்டியிலேயே கேட்டுவிடுங்கள். பைக் இன்சூரன்ஸோடு சேர்ந்து வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு பல்லுக்கு உதவாது. அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் பல் செலவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 21-ஆம் பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் தென்காசியில் ஒரு கிளினிக்கில் செய்தோம், 11,500 ரூபாய். கம்பெனி "வெளிநோயாளி பல் சிகிச்சை" என்று திருப்பி அனுப்பியது. ஆனால் எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜிலிருந்து 60 நாள் வரை, அதே காயத்துக்குத் தொடர்ந்து ஆகும் மருத்துவச் செலவைத் தர வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் செலவு வெளிநோயாளிச் செலவாகத்தானே இருக்கும்! உங்கள் பாலிசியில் 90 நாளோ அதற்கு மேலோகூட இருக்கலாம், பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "21-க்கு ரூட் கேனாலும் கேப்பும் தேவை, பல் மருத்துவரைப் பார்க்கவும்" என்று தொடர் சிகிச்சை எழுதப்பட்டிருந்தால் இந்தத் தகராறே வராது. எங்கள் சம்மரியில் "ரிவ்யூ" என்று மட்டும் இருந்தது. கையெழுத்தாகும் முன் வாசித்துப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கிளினிக்கில் முதலில் மருந்துச் சீட்டிலேயே "டென்டல் ட்ரீட்மென்ட் 11,500" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் கடையில் "மரம் 11,500" என்று பில் போட்டால் முதலாளி விடுவாரா? தேக்கா, வேங்கையா, எத்தனை கன அடி என்று இருக்க வேண்டாமா? டாக்டரம்மாவிடம் சொல்லித் திரும்ப எழுதி வாங்கினேன். பில் எண், ஒவ்வொரு நாள் வந்த தேதி, அன்று 21-இல் என்ன செய்தது, அதற்கு எவ்வளவு, கேப் எந்த வகை, பதிவு எண், சீல், பணம் கட்டிய ரசீது. கூடவே, இன்ன தேதி விபத்தில் உடைந்த பல்லுக்கான தொடர் சிகிச்சை என்று ஒரு சான்று. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த சின்ன எக்ஸ்ரேக்களையும், முகம் வீங்கியிருந்தபோது மொபைலில் எடுத்த படங்களையும் சேர்த்தேன்.

கெடுவை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காகிதங்கள் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாளுக்குள், தொடர் சிகிச்சைக் காகிதங்கள் அது முடிந்து 15 நாளுக்குள் போக வேண்டும். மூலப் பில்களைக் கொடுக்கும் முன் முழுசாக நகல் எடுத்து, அட்டையில் பக்க எண்ணோடு பட்டியல் ஒட்டி, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ கூரியர் ரசீதோ வைத்திருங்கள்.

மறுத்தால் வாயால் சண்டை போட வேண்டாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் கிளெய்மை மறுக்கக் கூடாது, பாலிசியின் எந்த விதிப்படி என்றும் குறிப்பிட வேண்டும். அந்த விதி எண்ணைக் கேட்டு எழுதுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம். நான் மூன்றே பத்தி எழுதினேன்: விபத்தும் காயமும், பக்கம் 17-இன் குறிப்பு, பாலிசியில் காயத்தால் வந்த பல் சிகிச்சைக்கான விதி, 60 நாள் விதியும் கேப் போட்ட 52-ஆம் நாளும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சென்னை அலுவலகம். ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கொச்சி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். எனக்கு ஆம்பட்ஸ்மேன் வரை போக வேண்டியிருக்கவில்லை. கடிதம் போய் மூன்று வாரத்தில், பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய 5 சதவீதம் போக, வெட்டிய 14,200-க்கு 13,490-ம், கிளினிக் பில்லுக்கு 10,925-ம் வங்கியில் ஏறின.

வராதது 11-ஆம் பல்லின் பணம். அங்கே இம்பிளான்ட் வைத்தோம். எலும்போடு அது ஒட்டிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் விட்டுத்தான் மேல் பல் வைப்பார்கள், 60 நாளுக்குள் எப்படியும் முடியாது. பக்கத்துப் பற்களைத் தேய்த்துப் பாலம் போல வைக்கும் பிரிட்ஜ் என்றால் நாளுக்குள் முடிக்கப் பார்க்கலாம், ஆனால் நல்ல பல்லைத் தேய்க்க வேண்டும். கணக்குப் பார்த்தால் பிரிட்ஜ் லாபம். டாக்டரம்மா இரண்டையும் விளக்கிவிட்டு, 12-ஆம் பல் முழு ஆரோக்கியமாக இருக்கிறது, அதைத் தொட எனக்கு மனமில்லை என்றார். 30,000 ரூபாயைச் சீட்டு எடுத்துக் கட்டினோம்.